ஆய்வுக் கட்டுரையை டிசைன் வேலையில் பயன்படுத்துவது எப்படி?

டிசைனைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர்களும் அன்றாடம் டிசைன் செய்பவர்களும் ஒரே கேள்விகளோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் ஒரு பக்கம் கண்டுபிடித்தது மறுபக்கம் போய்ச் சேர்வதில்லை. சேர்ந்தாலும் பாதி உதிர்ந்துபோய்ச் சேர்கிறது. 2010-இல் டிசைன் ஆய்வாளர் டொனால்ட் நார்மன் இந்த இடைவெளியைப் பற்றி எழுதியபோது, ஆய்வு முடிவுகளை வேலைக்கு உதவும் வடிவத்துக்கு மாற்றித் தருவதற்கென்றே நடுவில் தனியாக ஆட்கள் வேண்டும் என்றார். பெரும்பாலான டீம்களில் அப்படி யாரும் கிடையாது. அந்த வேலை டிசைனர் தலையில்தான் விழும். புதிதாக இந்தத் துறைக்கு வருபவர்கள் அதை எங்கே தொடங்கி எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வழியில் உதிர்வது எது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆய்வுக் கட்டுரை பேசும் விதம் இது: இந்த ஆட்களுக்கு, இந்தக் கருவியில், இந்த வேலையைக் கொடுத்தபோது, இப்படி நடந்தது. வேலையிடம் கேட்பதோ ஒரு வரி விதி. அப்படிச் சுருக்கும்போது நிபந்தனைகள் கழன்றுவிடுகின்றன. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய ‘ஏழு, கூட்டினால் குறைத்தால் இரண்டு’ கட்டுரைக்கு நேர்ந்ததே இதற்குச் சரியான உதாரணம். மனிதர் ஒரே நேரத்தில் நினைவில் நிறுத்தக்கூடிய, பிரித்தறியக்கூடிய விஷயங்களுக்கு உள்ள எல்லையைப் பற்றியது அது. ‘மெனுவில் ஏழுக்கு மேல் வைக்கக் கூடாது’ என்ற விதியாக அது இன்றும் மீட்டிங்குகளில் உலவுகிறது. மெனு கண்ணெதிரே திறந்து கிடக்கிறது. அதில் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. போதாததற்கு, நெல்சன் கவன் 2001-இல் நினைவின் எல்லையை ஏறக்குறைய நான்கு தொகுதிகள் என்று குறைத்தும் மதிப்பிட்டுவிட்டார். எண் மட்டும் தனியாகப் பயணம் செய்தால் இதுதான் கதி. அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் முடிவோடு சேர்த்து அதன் நிபந்தனையையும் சுமந்துவருவதற்கான வழிதான்.

தேடும் முன், எடுக்க வேண்டிய முடிவை எழுதுங்கள்

‘பட்டன் பற்றிய ஆய்வுகள்’ என்று தேடினால் ஒரு வாரம் போய்விடும், கையில் எதுவும் மிஞ்சாது. தலைப்பை விட்டுவிட்டு, இந்த வாரம் நீங்கள் எடுத்தாக வேண்டிய முடிவிலிருந்து தொடங்குங்கள். அதை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். பயன்படுத்துபவர் யார், எந்தக் கருவியில், என்ன செய்யும்போது, எது மேம்பட வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். உதாரணமாக: ‘போனை ஒரே கையில் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்துபவர்கள் தவறான இடத்தை அழுத்தாமல் இருக்க, பட்டன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?’

இப்படி எழுதியபின் இன்னொரு கேள்வி: பதில் எப்படி வந்தாலும் நீங்கள் செய்யப்போவது ஒன்றேதானா? ஆம் என்றால் தேடவே வேண்டாம். டீம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட விஷயத்துக்கு முட்டுக்கொடுக்கக் கட்டுரை தேடுவது நேர விரயம். அதைவிட மோசம், சாதகமாகச் சொல்லும் கட்டுரைகளை மட்டும் பொறுக்கும் பழக்கம் அதிலிருந்துதான் வருகிறது.

தேடல்: சொல் மாறினால் கதவு திறக்கும்

புதியவர்கள் ‘இதைப் பற்றி யாரும் ஆய்வு செய்யவில்லை’ என்று சொல்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், வேலையிடத்துச் சொல்லை வைத்துத் தேடியதுதான். நாம் ‘டார்க் மோட்’ என்போம். கண்ணைப் பற்றி ஆய்வு செய்பவர்கள் ‘டிஸ்ப்ளே போலாரிட்டி’ என்று எழுதியிருப்பார்கள். ‘ஆன்போர்டிங்’ என்று நாம் சொல்வதில் பாதி அங்கே ‘லேர்னபிலிட்டி’ என்ற பெயரில் கிடக்கும். வழி எளிது. ஓரளவு தொடர்புள்ள ஒரு கட்டுரையை மட்டும் எப்படியாவது கண்டுபிடியுங்கள். அதன் தலைப்பிலும் குறிச்சொற்களிலும் உள்ள வார்த்தைகளை எடுத்து மறுபடி தேடுங்கள். இரண்டாவது தேடலில்தான் உண்மையான வரவு தொடங்கும்.

கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளின் பட்டியல் இருக்கும். பழைய கட்டுரை ஒன்று கிடைத்தால் அங்கிருந்து முன்னோக்கி நடந்து, அந்த முடிவு இன்னும் நிற்கிறதா, யாராவது மறுத்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற இணைப்பைத் திறந்தால் ஆசிரியரே தன் பக்கத்தில் இலவசமாக வைத்திருக்கும் பிரதி பல நேரம் அகப்படும். டிசைன் ரிசர்ச் சொசைட்டியின் மாநாட்டுக் கட்டுரைகளும் இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் டிசைன் இதழும் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒற்றைக் கட்டுரையைவிட, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் தொகுப்பாய்வை முதலில் தேடுங்கள். இதைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 2000-இல் ஐயங்காரும் லெப்பரும் வெளியிட்ட ஆய்வில், 24 வகை ஜாம் வைத்த மேசைக்கு வந்தவர்களில் 3 சதவீதம் பேரும் 6 வகை மட்டும் வைத்த மேசைக்கு வந்தவர்களில் 30 சதவீதம் பேரும் வாங்கினார்கள். ‘தேர்வுகளைக் குறைத்தால் விற்பனை கூடும்’ என்று இதை வைத்து எத்தனையோ பக்கங்கள் மாற்றப்பட்டன. 2010-இல் ஷைபஹென்னவும் உடன் ஆய்வாளர்களும் 50 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். சில இடங்களில் தேர்வு கூடினால் கெடுதல், சில இடங்களில் நன்மை. முதல் ஆய்வு பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எந்த நிலைமையில் எது நடக்கும் என்பதுதான் கேள்வியே.

முதல் தேடலுக்கு ஒரு மணி நேரம் போதும். அதற்குள் மூன்று கட்டுரைகள் தேறினால் நிறுத்திவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள்.

வாசிக்கும் வரிசை

முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க வேண்டாம். சுருக்கத்தைப் படித்ததும் நேராகச் செய்முறைப் பகுதிக்குப் போங்கள். பங்கேற்றவர்கள் யார், எத்தனை பேர், என்ன கருவி, என்ன வேலை கொடுத்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும். அடுத்து அட்டவணைகளும் படங்களும். அதன்பின் ஆய்வாளர்களே ஒப்புக்கொள்ளும் வரம்புகள். விவாதப் பகுதியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டதைத் தாண்டிப் பேச ஆசிரியர்களுக்கு அங்கேதான் சுதந்திரம் அதிகம். இந்த வரிசையில் போனால், கட்டுரை உங்களுக்கு உதவுமா உதவாதா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

எண்களைப் பார்க்கும்போது புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ‘புள்ளியியல் ரீதியாகக் குறிப்பிடத்தக்கது’ என்ற சொற்றொடர். வேறுபாடு தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதைத்தான் அது சொல்கிறது. வேறுபாடு பெரியது என்று சொல்வதில்லை. ஒரு படிவத்தை நிரப்ப ஆகும் 90 விநாடியில் அரை விநாடி மிச்சமானால்கூட, போதிய ஆட்களை வைத்துச் சோதித்தால் அது ‘குறிப்பிடத்தக்கது’ ஆகிவிடும். ஆகவே எவ்வளவு வேறுபாடு என்பதை விநாடியிலோ பிழை எண்ணிக்கையிலோ மில்லிமீட்டரிலோ தேடி எடுங்கள்.

எல்லாக் கட்டுரைகளும் சோதனைக் கட்டுரைகள் அல்ல. கிறிஸ்டோஃபர் ஃப்ரேலிங் 1993-இல் செய்த பிரிவு இங்கே கைகொடுக்கும்: டிசைனைப் பற்றிய ஆய்வு, டிசைனுக்கான ஆய்வு, டிசைன் செய்வதன் வழியாகவே நடக்கும் ஆய்வு. மூன்றாம் வகையில் ஆய்வாளர் ஒரு பொருளை உருவாக்கி, அதன் மூலம் ஒரு கருத்தைச் சோதித்திருப்பார். அங்கே போய் ‘எத்தனை சதவீதம் மேம்பட்டது’ என்று தேடினால் ஏமாற்றம்தான். அதில் எடுக்க வேண்டியது கருத்து: வேறு எந்தச் சூழலிலும் முயன்று பார்க்கத்தக்க ஒரு அணுகுமுறை. ஒரு பொருளோடு நின்றுவிடாமலும் பொதுக் கோட்பாடு அளவுக்கு விரியாமலும் இருக்கும் இத்தகைய அறிவை ஹூக்கும் லூவ்கிரனும் 2012-இல் ‘ஸ்ட்ராங் கான்செப்ட்’ என்று அழைத்தார்கள்.

கட்டுரைக்கு ஒரு அட்டை

வாசித்ததும் ஒரு அட்டை எழுத வேண்டும். காகிதமோ டீமின் பகிர்வுக் கோப்போ, எதுவானாலும் சரி. ஐந்து வரிகள்: என்ன கண்டார்கள், யாரிடம், எதில், எப்படி அளந்தார்கள், நம் வேலைக்கு எங்கே பொருந்தாது. கடைசி வரியைக் காலியாக விட்டால் அந்த அட்டை இன்னும் முடியவில்லை என்று பொருள்.

மேலே கேட்ட பட்டன் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். பார்ஹி, கார்ல்சன், பெடர்சன் மூவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நேராகவே பதில் சொல்கிறது.

என்ன கண்டார்கள்: ஒரே தடவை அழுத்தும் பட்டனுக்கு 9.2 மி.மீ., எண்களைத் தட்டுவதுபோல் அடுத்தடுத்து அழுத்துவதற்கு 9.6 மி.மீ. போதுமானது.
யாரிடம்: வலது கைப் பழக்கமுள்ள 20 பேர்.
எதில்: தொடுதிரை உள்ள சிறிய கையடக்கக் கணினி, ஒரே கையில் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால்.
எப்படி அளந்தார்கள்: வேகம், பிழை, விரல் விழுந்த இடத்தின் பரவல், பங்கேற்றவர்களின் விருப்பம்.
எங்கே பொருந்தாது: இன்றைய பெரிய திரைகளின் மேல்மூலை, இடது கைக்காரர்கள், நடந்துகொண்டே பயன்படுத்துபவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள்.

இந்த ஆய்வைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பிழை விகிதத்தை மட்டும் பார்த்தால், ஒற்றை அழுத்தத்துக்கு 9.6 மி.மீ.யை எட்டினால்தான் அளவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு மறைகிறது. அடுத்தடுத்த அழுத்தத்துக்கு 7.7 மி.மீ. போதும். ஆனால் பரிந்துரைத்த எண்கள் 9.2, 9.6. விருப்பத்தையும் விரல் விழுந்த பரவலையும் சேர்த்து எடைபோட்டு ஆய்வாளர்கள் வந்து நின்ற இடம் அது. அளந்த எண் வேறு, அளந்ததைக் கொண்டு செய்த பரிந்துரை வேறு. இரண்டையும் அட்டையில் தனித்தனியாக எழுதுங்கள். பிழை மட்டுமே கவலையாக உள்ள பண அனுப்பீட்டுத் திரையில் எந்த எண்ணை எடுப்பது என்ற கேள்விக்கு இந்தப் பிரிவு இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

எண்ணை உங்கள் கருவியின் அளவுக்கு மாற்றுதல்

மில்லிமீட்டரை அப்படியே டிசைன் ஃபைலில் போட முடியாது. ஆண்ட்ராய்டில் திரை அளவுகளைக் குறிக்கும் அலகு டிபி; 160 டிபி ஓர் அங்குலம் என்பது கணக்கு. 9.2 மி.மீ.யை 25.4-ஆல் வகுத்து 160-ஆல் பெருக்கினால் 58 டிபி வரும். ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் சொல்லும் 48 டிபியை இதே கணக்கில் திருப்பினால் 7.6 மி.மீ. தான். இரண்டும் ஒன்றில்லை என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது. கணக்கோடு நிற்கவும் கூடாது. போன்கள் திரை அடர்த்தியைச் சில நிலையான படிகளுக்கு ஒட்டிச் சரிசெய்துகொள்வதால், 58 டிபி எல்லாப் போனிலும் 9.2 மி.மீ. ஆக வராது. உங்கள் பயனர்கள் வைத்திருக்கும் இரண்டு மூன்று போன்களில் திரையைத் திறந்து, அடிக்குச்சியை மேலே வைத்து அளந்துவிடுங்கள்.

இணையதளங்களை மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி 2.2 தரநிலை 2023-இல் வந்தது. அதன் இரட்டை ஏ மட்டம், 24-க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் (இணையப் பக்கங்களின் அளவு அலகு) இருந்தால் போதும் என்கிறது. அதற்கும் சில விலக்குகள் உண்டு. அதைவிடக் கடுமையான மூன்று ஏ மட்டம் 44-க்கு 44 கேட்கிறது. தரநிலை என்பது எல்லாவிதத் தளங்களுக்கும் பொருந்தும்படி வகுத்த கீழ்வரம்பு. வசதியாக அழுத்த முடிவது எந்த அளவில் என்று ஆய்வு பார்க்கிறது. கீழ்வரம்பை இலக்காக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை.

இனி முடிவு. எல்லாப் பட்டனையும் 58 டிபி ஆக்கினால் திரை கொள்ளாது. அடிக்கடி அழுத்துவதற்கும் தவறினால் நஷ்டம் வருவதற்கும் 58 கொடுங்கள். அபூர்வமாகத் தொடுவதற்கு 48 இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியும் ஐகான் 24 டிபியே இருந்தாலும் தொடும் பரப்பைச் சுற்றிலும் விரிக்கலாம் என்பதையும் டெவலப்பரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். படத்தில் ஐகானை மட்டும் பார்த்துவிட்டு அதே அளவில் தொடும் பரப்பையும் கட்டிவிடுவது சாதாரணமாக நடப்பதுதான்.

உங்கள் இடத்தில் நிற்கிறதா என்று சோதித்தல்

அட்டையின் ஐந்தாவது வரிதான் உங்கள் சோதனைத் திட்டம். எங்கே பொருந்தாது என்று எழுதினீர்களோ, அங்கிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுங்கள்: இடது கைக்காரர், பெரிய போன் வைத்திருப்பவர், நடந்துகொண்டே பயன்படுத்துபவர்.

எத்தனை பேர் வேண்டும்? ‘ஐந்து பேர் போதும்’ என்பது இந்தத் துறையில் அதிகம் கேட்கும் விதி. அதன் அடியில் இருப்பது நீல்சனும் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கு. ஒரு பயனரிடம் ஒரு பிரச்சினை வெளிப்பட 31 சதவீத வாய்ப்பு இருந்தால், ஐந்து பேரிடம் சுமார் 84 சதவீதப் பிரச்சினைகள் வெளிவந்துவிடும். அந்த 31 அவர்கள் பார்த்த திட்டங்களின் சராசரி, அவ்வளவுதான். உங்கள் செயலியில் பிரச்சினைகள் ஒளிந்திருந்து வாய்ப்பு 10 சதவீதமாகக் குறைந்தால், அதே ஐந்து பேரிடம் 41 சதவீதம்தான் வரும். 15 பேர் வைத்தால் 79. ஃபாக்னர் 2003-இல் 60 பேரைச் சோதித்து, அதிலிருந்து ஐந்து ஐந்து பேராகக் குலுக்கி எடுத்துப் பார்த்தபோது, சில குழுக்கள் கிட்டத்தட்ட எல்லாப் பிரச்சினைகளையும் கண்டன. சில குழுக்கள் 55 சதவீதத்தோடு நின்றன. ஆகவே ஐந்து பேரை வைத்துச் சோதித்துத் திருத்தி, மறுபடி வேறு ஐந்து பேரை வையுங்கள். ஒரே சுற்றோடு ‘பிரச்சினை இல்லை’ என்று அறிக்கை எழுத வேண்டாம்.

திருப்தியை அளக்க எஸ்யூஎஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) கேள்வித்தாள் கைக்கு எளிது. ஜான் ப்ரூக் 1986-இல் உருவாக்கியது. பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றோடும் எவ்வளவு உடன்படுகிறார் என்பதற்கு 1 முதல் 5 வரை. ஒற்றைப்படை வாக்கியங்களுக்கு வந்த மதிப்பிலிருந்து 1-ஐக் கழியுங்கள். இரட்டைப்படை வாக்கியங்களுக்கு 5-இலிருந்து வந்த மதிப்பைக் கழியுங்கள். பத்தையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண். இது சதவீதம் இல்லை. பல ஆய்வுகளின் சராசரி 68-ஐ ஒட்டி இருப்பதால், 60 வாங்கினால் முதல் வகுப்பு என்று மகிழ முடியாது. இரட்டைப்படை வாக்கியங்கள் எதிர்மறையானவை. தமிழாக்கும்போது அந்த எதிர்மறை மழுங்கிவிட்டால் மொத்த மதிப்பெண்ணும் கெட்டுவிடும். அதனால் இருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படித்து விளக்கச் சொல்லிச் சரிபாருங்கள். ஐந்து பேரிடம் எடுத்த எஸ்யூஎஸ் சராசரியைச் ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட வேண்டாம். விடைகளின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) 20 என்றால், ஐந்து பேரை வைத்து உண்மையான சராசரியை இரு பக்கமும் 25 மதிப்பெண் வரை தளர்வோடுதான் சொல்ல முடியும். 20 பேர் என்றால் தளர்வு 9 அளவுக்குச் சுருங்கும்.

டீமிடம் கொண்டுபோவது

கட்டுரையின் இணைப்பை குரூப்பில் போட்டால் யாரும் திறக்க மாட்டார்கள். ஒரே பக்கம் கொடுங்கள்: மேலே நீங்கள் பரிந்துரைக்கும் முடிவு, அடுத்து அதற்கான ஆதாரம் இரண்டு வரியில், அதன் கீழே எங்கே பொருந்தாமல் போகலாம், கடைசியில் அதை எப்படிச் சோதிக்கப்போகிறீர்கள். ‘ஆய்வு நிரூபித்துவிட்டது’ என்று எழுதினால், எதிர்க் கட்டுரை ஒன்றை யாராவது நீட்டும் நாளில் உங்கள் வாதம் முழுவதும் சரிந்துவிடும். ‘இந்தச் சூழ்நிலையில் இப்படிக் கண்டிருக்கிறார்கள், நம் சூழ்நிலை இந்த இரண்டு இடத்தில் வேறு’ என்று எழுதினால் அந்த எதிர்க் கட்டுரையும் உங்களுக்கு உதவியாகவே வரும்.

மறுபக்கத்துக்கும் அனுப்புங்கள்

இடைவெளிக்கு இரண்டு கரை. வேலையிடத்தில் தினமும் நடக்கும் சோதனைகளில் பெரும்பகுதி எங்கும் பதிவாவதில்லை என்பது பெரிய இழப்பு. எந்த மாற்றுகளைப் பரிசீலித்தீர்கள், எதை ஏன் கைவிட்டீர்கள், என்ன அளந்தீர்கள் என்பதைத் தேதியோடு எழுதிவைத்தாலே ஆய்வாளருக்கு அது நல்ல மூலப்பொருள். கைவிட்டவற்றின் படங்களையும் அழிக்காமல் வையுங்கள்.

பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து வேலை செய்வதானால் முதலில் கால அளவு இடிக்கும். நிறுவனம் இரண்டு வாரச் சுற்றுகளில் ஓடும். ஆய்வாளர் மனிதர்களை வைத்து எதையும் தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு வாரங்கள் பிடிக்கும். இந்த வெளியீட்டுக்கு விடை வேண்டும் என்று அவர்களை நெருக்காமல், ஆறு மாதம் கழித்தும் உயிரோடு இருக்கும் கேள்வியைக் கொடுங்கள். தொடங்கும் முன்பே எழுத்தில் முடிக்க வேண்டியவை: தரவு யாரிடம் இருக்கும், பயனர்களின் பெயரும் முகமும் எப்போது நீக்கப்படும், வெளியிடும் உரிமை யாருக்கு, வெளியிடும் முன் நிறுவனம் படித்துப்பார்க்க எத்தனை நாள். பயனர்களிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்தில் ‘ஆராய்ச்சி வெளியீட்டுக்கும் பயன்படலாம்’ என்ற வரி இல்லையென்றால், பிறகு என்ன ஒப்பந்தம் போட்டாலும் அந்தப் பதிவுகளைக் கொடுக்க முடியாது. படிவத்தை அச்சடிக்கும் முன்பே இதைச் சேர்த்துவிடுங்கள்.

பெரிய கூட்டுமுயற்சி எதுவும் இல்லாமலும் தொடங்கலாம். கட்டுரையில் தொடர்பு ஆசிரியர் என்று குறிக்கப்பட்டவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘எங்கள் செயலிக்கு என்ன செய்யலாம்’ என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. சோதனையில் பயன்படுத்திய கேள்வித்தாளோ திரைகளின் படங்களோ கிடைக்குமா என்று கேளுங்கள், செய்முறையில் புரியாத ஒரே ஒரு இடத்தைக் குறிப்பிட்டு விளக்கம் கேளுங்கள். உங்கள் சோதனையில் என்ன வந்தது என்பதையும் இரண்டு வரியில் சேர்த்து அனுப்புங்கள்.